மினிட்ஸில் ஏறாத பேச்சு: கேரள எல்லைப் பஞ்சாயத்தில் புதிதாகக் குடியேறியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பொள்ளாச்சி, ஆனைமலை, கிணத்துக்கடவுப் பக்கமிருந்து கல்யாணமாகியோ, தோட்டம் வாங்கியோ, வேலை கிடைத்தோ எல்லை தாண்டி வருகிறவர்கள் எங்கள் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவில் ஏராளம். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, வேலந்தாவளம் என்று எங்கே போனாலும் கடையில் தமிழ் பேசலாம், கோயிலில் தமிழ் பேசலாம். பஞ்சாயத்து ஆபீசுக்குள் நுழைந்ததும் காகிதமெல்லாம் மலையாளமாகிவிடும். அங்கேதான் நம் ஆட்கள் பின்வாங்குகிறார்கள். "நமக்கெதுக்குங்க, அவங்க ஊரு, அவங்க பாத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டு, குழாயில் தண்ணீர் வராத வீதியில் பத்து வருடம் குடியிருக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

நான் இங்கே மருமகளாக வந்து பதினான்கு வருடம் ஆகிறது. என் வீதியின் தேவை ஒன்றைப் பஞ்சாயத்தில் சொல்லி, அது வேலையாக முடிவதற்குள் மூன்று வருடம் போனது. அதில் ஒரு வருடம் வீணாய்ப் போனது ஒரே ஒரு சொல்லால். அதைப் பின்னால் சொல்கிறேன். உங்களுக்கு அந்த வருடம் மிச்சமாக வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே கிராமசபை வேறு மாதிரி

தமிழ்நாட்டில் கிராமசபை என்றால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று நாள் குறித்திருக்கும். பஞ்சாயத்து முழுவதற்கும் ஒரே கூட்டம். கேரளத்தில் அப்படி இல்லை. இங்கே ஒவ்வொரு வார்டுக்கும் தனித்தனியாகக் கிராமசபை. வார்டு வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள். கூட்டுகிறவர் வார்டு மெம்பர், அவருக்குக் கன்வீனர் என்று பெயர். தலைமை தாங்குபவர் பஞ்சாயத்துத் தலைவர். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட்ட வேண்டும் என்பது 1994-ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டம். தொடர்ந்து இரண்டு முறை கூட்டத் தவறும் மெம்பரின் பதவியே போகும்படி அதில் விதி இருக்கிறது.

தேதி நிலையாக இல்லாததால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். புதிதாக வந்தவர்கள் முதலில் தவறவிடுவது இதைத்தான். ஆகஸ்ட் 15 அன்று போய்ப் பார்த்தால் கொடியேற்றம் மட்டும்தான் நடக்கும்.

இந்தக் கூட்டத்துக்கு இவ்வளவு எடை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17, மலையாளக் கணக்கில் சிங்க மாதம் 1, அன்று கேரள அரசு மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியது. 'ஜனகீய ஆசூத்ரணம்' என்று இங்கே சொல்வார்கள். மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளிடம் கொடுத்து, எதற்குச் செலவு செய்வது என்பதைக் கீழிருந்து முடிவு செய்யச் சொன்னார்கள். அந்தக் 'கீழ்' என்பது உங்கள் வார்டுக் கிராமசபை. தெரு விளக்கு எங்கே வேண்டும், பொதுக் குழாய் எங்கே வேண்டும், பொதுக் கிணறு எங்கே வேண்டும் என்று யோசனை சொல்லும் உரிமை கிராமசபைக்கு உண்டு என்று சட்டமே பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. வீடு, ஆடு, மாடு, விதை மாதிரியான உதவிகளுக்குப் பயனாளிகளின் முன்னுரிமைப் பட்டியலும் இங்கேதான் இறுதியாகும். அந்த வரிசையைப் பஞ்சாயத்து தன் விருப்பத்துக்கு மாற்றக்கூடாது.

முதல் வேலை: பட்டியலில் பெயர்

சட்டமன்றத் தேர்தலுக்கு அட்டை இருக்கிறது, அதுவே போதும் என்று நினைக்காதீர்கள். பஞ்சாயத்துத் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியல் தனி. அதைக் கேரள மாநிலத் தேர்தல் ஆணையம் தயாரிக்கிறது. சட்டமன்றப் பட்டியல் இந்தியத் தேர்தல் ஆணையத்தினுடையது. ஒன்றில் இருந்து இன்னொன்றில் இல்லாமல் போகலாம். மாநில ஆணையத்தின் இணையதளத்தில் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள், இல்லையென்றால் பட்டியல் திருத்தம் நடக்கும்போது சேருங்கள். பழைய ஊர்ப் பட்டியலில் பெயரை நீக்கிவிடுவதும் உங்கள் பொறுப்பு.

இன்னொன்று. 2025 உள்ளாட்சித் தேர்தலுக்கு முன் கேரளம் முழுவதும் வார்டு எல்லைகளை மாற்றி வரைந்தார்கள். உங்கள் வீட்டுக்காரர், "நாம ஏழாம் வார்டு" என்று பழைய நினைப்பில் சொல்லலாம். வார்டும் மாறியிருக்கும், வீட்டு எண்ணும் மாறியிருக்கும். பஞ்சாயத்து ஆபீசில் ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பட்டியலில் பெயர் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. வீட்டில் வாக்குள்ளவர் யாராவது இருந்தால் அவர் கையெழுத்தில் மனு போகட்டும்.

அயல்கூட்டத்தில் உட்காருங்கள்

பெண்களுக்கு இது கட்டாயம் என்றே சொல்வேன். கேரள அரசின் பெண்கள் குழுத் திட்டமான குடும்பஸ்ரீ 1998-இல் தொடங்கியது. பத்திருபது பெண்கள் சேர்ந்தது ஓர் அயல்கூட்டம். வார்டு அளவில் ஏ.டி.எஸ்., பஞ்சாயத்து அளவில் சி.டி.எஸ். என்று மேலே போகும். நம் ஊர் மகளிர் குழு மாதிரி சேமிப்பும் கடனும் உண்டு. ஆனால் கிராமசபைக்கு முன்னால் வார்டில் என்ன பேச்சு ஓடுகிறது என்பது முதலில் தெரிவது அங்கேதான். எந்த விண்ணப்பப் படிவம் வந்திருக்கிறது, கடைசித் தேதி எது, போன வருடப் பட்டியலில் யார் பெயர் நின்றுபோனது, எல்லாம் அந்தத் திண்ணையில் கிடைக்கும்.

எனக்கு மலையாளம் வந்ததும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து கேட்டுக் கேட்டே பழகியது. உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு என்று கேரளம் 2009-இல் சட்டம் போட்டு, 2010 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. இன்று மெம்பராக இருக்கும் பெண்கள் பலர் அயல்கூட்டத்திலிருந்து எழுந்து போனவர்கள். அதனால் அங்கே உங்கள் முகம் தெரிந்தால் கூட்டத்தில் உங்களுக்குப் பேச இடம் கிடைக்கும்.

யாருடைய வேலை என்று பிரித்துக்கொள்ளுங்கள்

எங்கள் பகுதிக்குத் தண்ணீர்தான் முதல் கவலை. கேரளம் முழுக்க மழை கொட்டும்போதும் சித்தூரின் கிழக்குப் பக்கம் காய்ந்து கிடக்கும். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி ஆழியாற்றிலிருந்து சித்தூர்ப் பகுதிக்கு வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வரவேண்டும். வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால் அது நீர்ப்பாசனத் துறை பார்க்க வேண்டியது. பெரிய குழாய்த் திட்டம் பெரும்பாலும் கேரள வாட்டர் அத்தாரிட்டி. பெரிய ரோடு பொதுப்பணித் துறை. பஞ்சாயத்தின் கையில் இருப்பது வார்டு ரோடு, தெரு விளக்கு, சிறு குடிநீர்த் திட்டம், அங்கன்வாடி, சுகாதார நிலையம், கிருஷி பவன் வழியாக வரும் விவசாய உதவி, குப்பை, கடைக்கான லைசென்ஸ்.

பஞ்சாயத்தின் வேலை இல்லை என்பதற்காகக் கிராமசபையில் பேசாமல் இருக்க வேண்டாம். "இந்தத் துறைக்கு அனுப்ப வேண்டும்" என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். தனி ஆள் மனுவைவிடக் கிராமசபைத் தீர்மானத்துக்கு எடை அதிகம்.

ரோடு, பாலம் கேட்பவர்கள் ஒரு கேள்வியை மறக்கவே கூடாது. அந்த வழி பஞ்சாயத்தின் ஆஸ்தி ரெஜிஸ்டரில் ஏறியிருக்கிறதா? ஏறாத வழியில் பஞ்சாயத்துப் பணத்தைச் செலவு செய்ய முடியாது. தனியார் நிலத்தில் காலங்காலமாக நடந்த தடமாக இருந்தால், நிலக்காரர்கள் அதைப் பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்த பிறகுதான் வேலை நகரும். மூணாறு, பீர்மேடு பக்கம் எஸ்டேட் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கும் நம் மக்களுக்கும் இதே சிக்கல்தான். வழி கம்பெனியுடையதாக இருக்கும்.

மனு எழுதுவது

பேசினால் போதாது, எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீதி முடிகிற இடத்தில் ஓர் ஓடை குறுக்கே போகும். ஐப்பசியில் நாலு மழை பெய்தால் இடுப்பளவு ஓடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அக்கரை விடுவோம். நான் முதன்முதலில் கிராமசபையில் எழுந்து நின்றபோது நெஞ்சு படபடத்தது. "ஓடையில தண்ணி வந்தா புள்ளைங்க அந்தப் பக்கம் போக முடியறதில்லைங்க. ஒரு பாலம் போட்டுக் குடுங்க" என்று தமிழில் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். மெம்பரக்கா தலையை ஆட்டினார். மேசையில் இருந்தவர் எழுதிக்கொண்டார். பெரிய காரியம் முடிந்தது என்று வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த வருடம் இரண்டு பேர் மண்வெட்டியோடு வந்து, கடை வீதியோரச் சாக்கடையை அள்ளிப் போட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் ஓடைப் பக்கம் யாரும் வரவில்லை. போய்க் கேட்டபோது மினிட்ஸ் புத்தகத்தை, அதாவது கூட்டக் குறிப்பேட்டை, திறந்து காட்டினார்கள். என் பெயருக்கு நேரே 'ஓட வ்ருத்தியாக்கல்' என்று இருந்தது. மலையாளத்தில் 'ஓட' என்றால் சாக்கடை. 'வ்ருத்தியாக்கல்' என்றால் சுத்தம் செய்வது. நம் ஓடைக்கு அவர்கள் 'தோடு' என்பார்கள். பாலம் என்று நான் சொன்னது எழுதியவர் காதில் விழவே இல்லை போலும். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கேட்டதை எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லாமல் வந்தது நான்.

இப்படி ஒரே ஒலியில் வேறு பொருள் தரும் சொற்கள் நிறைய. நாம் 'அவசரம்' என்று எழுதினால் மலையாளத்தில் அது 'வாய்ப்பு'. அவசரத்துக்கு அவர்கள் சொல் 'அடியந்திரம்'. 'வெள்ளம்' என்றால் தண்ணீர், குடிநீர் 'குடிவெள்ளம்'. 'யோகம்' என்றால் கூட்டம். சிறு பாலத்துக்குக் 'கலுங்கு'. விண்ணப்பம் 'அபேக்ஷ', புகார் 'பராதி', திட்டம் 'பத்ததி', பயனாளி 'குணபோக்தாவு'. இந்தப் பத்துச் சொல் தெரிந்தாலே பாதிக் காகிதம் புரிந்துவிடும்.

தமிழில் மனுக் கொடுக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கொடுக்கலாம். அரசியல் சட்டத்தின் 350-ஆம் பிரிவு, குறை தீர்க்க வேண்டி நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் மனுக் கொடுக்க யாருக்கும் உரிமை தருகிறது. அதோடு 1969-ஆம் ஆண்டின் கேரள அலுவல் மொழிச் சட்டம், தமிழரும் கன்னடரும் தலைமைச் செயலகத்துக்கும், துறைத் தலைமை அலுவலகங்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அந்த மொழியிலேயே வரவேண்டும் என்கிறது. இந்த உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் வேலை சீக்கிரம் நடக்க வேண்டுமென்றால் நான் செய்வது இதுதான்: ஒரே தாளில் மேலே தமிழ், கீழே மலையாளம். பள்ளியில் மலையாளம் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதிக் கொடுக்கும்.

மனு நீளமாக இருக்க வேண்டாம். நாங்கள் இரண்டாம் முறை கொடுத்தது கிட்டத்தட்ட இப்படி:

"எங்கள் வார்டில் மாரியம்மன் கோயில் வீதி முடியும் இடத்தில் ஓடையின் குறுக்கே சிறு பாலம் (மலையாளத்தில்: தோட்டினு குறுகே கலுங்கு) வேண்டும். ஓடையின் அகலம் நான்கு மீட்டர். அக்கரையில் 23 வீடுகள், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் 17. மழைக்காலத்தில் வேறு வழி இல்லை. இதைக் கிராமசபைத் தீர்மானமாகச் சேர்த்து அடுத்த வருடத் திட்டத்தில் எடுக்கக் கேட்டுக்கொள்கிறோம்."

அடியில் வீட்டு எண்ணோடு கையெழுத்துகள். தண்ணீர் ஓடும்போது எடுத்த ஒரு போட்டோ. இடம், அளவு, எத்தனை வீடு, எந்தத் தீர்மானம் வேண்டும் என்ற நான்கும் இருந்தால் போதும். கஷ்டத்தை விவரித்து மூன்று பக்கம் எழுதினால், எழுதுகிறவர் அதைச் சுருக்கும்போது வேண்டியது விழுந்துவிடும்.

இரண்டு நகல் எடுங்கள். ஒன்றைக் கூட்டத்துக்கு முன்பே பஞ்சாயத்து ஆபீசில் கொடுத்து, மனு கிடைத்தது என்பதற்கான கைப்பற்று ரசீது வாங்குங்கள். 2025 ஏப்ரலிலிருந்து கிராமப் பஞ்சாயத்துகளிலும் கே-ஸ்மார்ட் என்ற இணையச் சேவை வந்துவிட்டதால் இணையம் வழியாகவும் புகார் போடலாம். போன் பழக்கமில்லாதவர்கள் நேரில் போவதே நல்லது, ரசீது கையில் இருக்கும்.

கூட்ட நாள்

பெரும்பாலும் ஏதாவது பள்ளிக்கூடத்திலோ அங்கன்வாடியிலோ நடக்கும். வாசலில் ஒரு ரெஜிஸ்டர் இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய் உட்காருங்கள். கையெழுத்தோடு கிளம்பிவிடுகிறவர்களும் உண்டு, தயவு செய்து அப்படிச் செய்யாதீர்கள். வார்டு வாக்காளர்களில் பத்தில் ஒருவர் வந்தால்தான் கூட்டம் செல்லும். 1,200 வாக்குள்ள வார்டு என்றால் 120 பேர். ஆள் குறைந்து ஒத்திவைத்தால், மறுமுறை 50 பேர் போதும். எண்ணிக்கை காட்டுவதற்காக ரெஜிஸ்டர் வீடு தேடி வந்தால் அதில் கையெழுத்துப் போட வேண்டாம். நடக்காத கூட்டத்தில் என்ன தீர்மானம் ஏறும் என்று உங்களுக்குத் தெரியாது.

முதலில் கணக்கு வாசிப்பார்கள். போன வருடம் இந்த வார்டில் என்ன செய்தார்கள், எவ்வளவு செலவானது, இந்த வருடம் என்ன எடுக்கப் போகிறார்கள் என்பதைக் கிராமசபையின் முன் வைப்பது பஞ்சாயத்தின் கடமை. அந்த நேரத்தில் பக்கத்து ஆளிடம் பேசிக்கொண்டிருக்காமல் கவனியுங்கள். அப்புறம் ஒரு கேள்வி கேளுங்கள்: "போன கூட்டத்தில் போட்ட தீர்மானங்களில் எது நடக்கவில்லை, ஏன்?" ஏதாவது காரணத்தால் ஒரு தீர்மானத்தை நிறைவேற்ற முடியவில்லை என்றால், அந்தக் காரணத்தைத் தலைவர் கிராமசபையில் சொல்லியாக வேண்டும். இதுவும் சட்டம். நீங்கள் சண்டைக்குப் போகவில்லை, பதில் கேட்கிறீர்கள். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலான மெம்பர்கள் பதில் சொல்வார்கள். அவர்களும் அந்த வீதியில்தான் நடக்கிறார்கள்.

அதன் பிறகு குழுவாகப் பிரிப்பார்கள். விவசாயம், குடிநீர், ரோடு, பெண்கள் நலம் என்று ஆளுக்கொரு மூலை. உங்கள் கோரிக்கை எந்தத் தலைப்போ அந்தக் குழுவில் போய் உட்காருங்கள். என் சிநேகிதி ஒருத்தி குடிநீருக்கு வந்துவிட்டு, தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று பெண்கள் குழுவில் உட்கார்ந்தாள். குடிநீர்க் குழுவின் குறிப்பில் அவள் வீதி வரவே இல்லை.

கடைசியில் எல்லோரும் எழுந்து, டீயும் பிஸ்கட்டும் சுற்றும் நேரம் வரும். அப்போதுதான் மேசைக்குப் போக வேண்டும். கூட்டத்துக்குக் கோஆர்டினேட்டராக வரும் அலுவலர்தான் மினிட்ஸ் எழுதுவார். "சாரே, எங்க வீதி வரியை ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள். மலையாளத்தில் வாசிப்பார். இடத்தின் பெயர் சரியா, 'கலுங்கு' என்று இருக்கிறதா, தீர்மானமாக இருக்கிறதா அல்லது வெறும் 'பேசப்பட்டது' என்று இருக்கிறதா என்று காதால் பிடியுங்கள். இரண்டாம் வருடம் நான் மேசையோரம் நின்று, அவர் பேனா அந்த வரியை எழுதி முடிக்கும்வரை நகரவில்லை.

பழங்குடி ஊர்களில் இருப்பவர்களுக்கு ஊருகூட்டம் என்று தனிக் கூட்டம் உண்டு. எங்கள் பக்கம் இரவாளர், மலசர் ஊர்களில் தமிழ் கலந்த பேச்சுதான். அந்த ஊர்களுக்கான திட்டத்துக்குத் தனி நிதித் தலைப்பு இருக்கிறது, அதனால் தேவையை முதலில் ஊருகூட்டத்தில் சொல்லிவிட்டுக் கிராமசபைக்கும் வரவேண்டும்.

கூட்டம் முடிந்த பிறகு

கிராமசபையில் ஏறிய கோரிக்கை நேராக வேலையாகாது. துறைவாரியான செயற்குழுக்கள் அதைப் பார்க்கும். பிறகு வளர்ச்சிக் கருத்தரங்கு, இங்கே 'விகசன செமினார்' என்பார்கள். எல்லா வார்டுகளிலிருந்தும் பிரதிநிதிகள் வருவார்கள். வரைவுத் திட்டம் அங்கே பேசப்பட்டு, நிலைக்குழுக்கள், பஞ்சாயத்துக் கமிட்டி என்று போய், கடைசியில் மாவட்டத் திட்டக் குழுவின் அங்கீகாரம். கிராமசபையில் கேட்டது 40 என்றால் பணம் சிலவற்றுக்குத்தான் இருக்கும். உங்கள் வீதி விழுந்துபோவது இந்த இடைவெளியில்தான். அதனால் விகசன செமினாருக்கு உங்கள் வார்டிலிருந்து போகிறவர்கள் யார் என்று கேட்டு வைத்து, மனுவின் நகலை அவர்கள் கையில் கொடுங்கள். முடிந்தால் நீங்களே போங்கள்.

பணம் எந்தத் தலைப்பில் வருகிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். புது வேலைக்குத் திட்ட நிதி, அதில் பொது, பட்டியல் சாதி, பழங்குடி என்று பிரிவு உண்டு. இருக்கிற ரோட்டைப் பழுது பார்க்கப் பராமரிப்பு நிதி. வரி, லைசென்ஸ் மூலம் பஞ்சாயத்து தானே சேர்க்கும் 'தனது பண்டு' (சொந்த நிதி) வேறு. "பணம் இல்லை" என்று பதில் வந்தால், "எந்த பண்டில்?" என்று கேட்கலாம். ஒன்றில் இல்லாதது இன்னொன்றில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பாலம் இரண்டாம் வருடம் திட்டத்தில் ஏறியது. அப்புறம் இன்னொரு முடிச்சு விழுந்தது. அக்கரைத் தடத்தில் கொஞ்ச தூரம் இரண்டு பேர் பட்டா நிலம். ஆஸ்தி ரெஜிஸ்டரில் அது இல்லை. மெம்பரக்காவும் நானும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போய் அவர்களில் ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். "மாமா, உங்க பேத்தியும் அந்தத் தண்ணியிலதானுங்க போகுது" என்றேன். அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே பார்த்து, "கண்ணாடியக் கொண்டா" என்றார். சம்மதக் கடிதத்தை வரி வரியாக வாசித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். மற்றவரும் அந்த வாரமே கொடுத்தார்.

வேலை நடக்கும் இடத்தில் பலகை வைத்திருப்பார்கள், எஸ்டிமேட் தொகையும் அளவும் அதில் இருக்கும். போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எஸ்டிமேட்டை அறியும் உரிமையும் கிராமசபைக்கு உண்டு.

பஞ்சாயத்தால் எவ்வளவு முடியும்

சின்னப் பஞ்சாயத்து என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்குப் பக்கத்திலேயே ஓர் ஊர் இருக்கிறது. பெருமாட்டிப் பஞ்சாயத்தின் பிளாச்சிமடை. அங்கே 2000-இல் கொக்கோ கோலா ஆலைக்கு லைசென்ஸ் கொடுத்தது அந்தப் பஞ்சாயத்துதான். கிணற்றுத் தண்ணீர் வற்றுகிறது, கெட்டுப்போகிறது என்று பழங்குடி மக்கள் 2002 ஏப்ரல் 22-இல் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். மயிலம்மா முன்னால் நின்றார். 2003 ஏப்ரலில் அதே பஞ்சாயத்து, லைசென்சைப் புதுப்பிக்க மறுத்துத் தீர்மானம் போட்டது. கோர்ட்டு வழக்கென்று பிறகு நெடுங்காலம் இழுத்தாலும், 2004 மார்ச்சில் நின்ற ஆலை மறுபடி ஓடவில்லை. அந்த மக்களுக்கு நஷ்டஈடு கிடைக்க ஒரு தீர்ப்பாயம் அமைக்கச் சட்டமன்றம் 2011-இல் மசோதா நிறைவேற்றியும், நஷ்டஈடு கைக்கு வராதது இன்னும் மனதை அறுக்கிறது. ஆனாலும் குடியிருப்பவர்கள் சொன்னதைக் கேட்டு ஒரு பஞ்சாயத்து தன் முடிவையே மாற்றியது என்பது என் மனதில் பெரிய விஷயமாக நிற்கிறது.

ஒன்றும் நடக்காவிட்டால்

முதலில் மெம்பரிடம் நேரில். அடுத்து செக்ரட்டரிக்கு எழுத்தில், பழைய ரசீது எண்ணைக் குறிப்பிட்டு. மூன்று மாதக் கூட்டத்துக்குக் காத்திருக்க முடியாத விஷயம் என்றால், வார்டு வாக்காளர்களில் பத்து சதவீதம் பேர் கையெழுத்திட்டுக் கேட்டால் சிறப்புக் கிராமசபை கூட்ட வேண்டும். இரண்டு சாதாரணக் கூட்டங்களுக்கு இடையில் அப்படி ஒரு முறை கேட்கலாம்.

மினிட்ஸ் நகல் தர மறுத்தால் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டிய விண்ணப்பம், 30 நாளில் பதில். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் கிடையாது. இதை மட்டும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள், மொழியைச் சொல்லித் திருப்பி அனுப்ப இடம் வேண்டாம். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காமல், "இந்தத் தேதிக் கிராமசபை மினிட்ஸின் நகல், அதில் இத்தனையாம் தீர்மானத்தின் மேல் எடுத்த நடவடிக்கையின் கோப்பு நகல்" என்று காகிதத்தைக் கேளுங்கள்.

பணத்தில் முறைகேடு, வேண்டுமென்றே புறக்கணிப்பு என்று தெரிந்தால் உள்ளாட்சிகள் மீதான புகாரை விசாரிக்கும் ஓம்புட்ஸ்மான் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. லைசென்ஸ், கட்டட அனுமதி போன்றவற்றில் பஞ்சாயத்தின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய அதே ஊரில் தீர்ப்பாயம் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டிய நிலை எனக்கு வரவில்லை. வருகிறவர்களுக்குக் கைப்பற்று ரசீதும் மினிட்ஸ் நகலும் தேதி வாரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. நான் எல்லாவற்றையும் ரேஷன் கார்டு வைக்கும் கவரிலேயே போட்டு வைத்திருக்கிறேன், தேட வேண்டியதில்லை.

பாலம் மூன்றாம் வருடம் ஆவணியில் முடிந்தது. நான்கு மீட்டர் நீளம், இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குச் சுவர். அந்த ஐப்பசியில் முதல் மழை பெய்த காலையில் பிள்ளைகள் அதன்மேல் நின்று கீழே ஓடும் தண்ணீரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பள்ளிக்கூட மணி அடித்த பிறகும். சுவர் இன்னும் ஒரு அடி உயரமாக இருந்திருக்கலாம். அடுத்த கிராமசபைக்கு அதை எழுதி, ரசீது வாங்கிவிட்டேன்.